கார்வேட்டிநகரத்திலிருந்து ஒரு குரல்

வெளியூரிலும் வெளிநாட்டிலும் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு மாலைப்பொழுது என்பது ஊருக்குப் பேசும் பொழுதாகும். முன்னாளில் கடிதம் வந்துசேரப் பத்து நாள் காத்திருந்தோம். அவசரமென்றால் டிரங்க் காலுக்குப் பதிவு செய்துவிட்டுத் தபால் நிலையத்துப் பெஞ்சியில் பாதி நாளைக் கழித்தோம். இன்றோ சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்த மாத்திரத்தில் தாயின் முகத்தையே கண்ணாரக் காண்கிறோம். இது சாமானியமான மாறுதலன்று. ஆயினும், பேச்சு நடுவில் அறுந்துபோகும் துன்பம் இன்னும் நம்மை விட்டபாடில்லை. "அம்மா, கேட்கிறதா? கேட்கிறதா?" என்னும் கேள்வியே உரையாடலில் பாதியாகிவிடுகிற நாட்களும் உண்டு. குரல் ஏன் அறுபடுகிறது, புதிய தலைமுறைக் கம்பியில்லாத் தொடர்பு அக்குறையைப் போக்குமா என்பவற்றையே இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

முதலில் ஓர் எண்ணத்தை அகற்றிவிட வேண்டும். "கடல் கடந்து வருகிற பேச்சாயிற்றே, சற்று இடறத்தானே செய்யும்" என்று பெரியவர்கள் பலர் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு. உண்மையில் கடல்மேல் குற்றமில்லை. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002இல் இடப்பட்ட கடலடிக் கம்பி ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதனுள்ளிருக்கும் கண்ணாடி இழையினூடே ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கணக்கிட்டுப் பார்த்தால், வங்கக் கடலைக் கடக்கக் குரலுக்குப் பதினாறு மில்லி விநாடிகள் போதும். அதாவது ஒரு விநாடியை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் பதினாறு கூறுகள். பேசுவோர் வாயிலிருந்து கேட்போர் செவிக்குச் சேர 150 மில்லி விநாடிக்கு மிகாதவரை உரையாடல் இயல்பாகவே தோன்றும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணிப்பு. கடல் அதில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கைத்தான் எடுத்துக்கொள்கிறது. மும்பையிலிருந்தும் தில்லியிலிருந்தும் பேசுவோர்க்கு அவ்வளவுகூட ஆவதில்லை. குரல் பெரும்பாலும் சிதைவதும் அறுவதும் கடைசிச் சில கல் தொலைவில்தான். கோபுரத்துக்கும் கைபேசிக்கும் இடைப்பட்ட அந்த வெற்று வெளியில்தான்.

அந்தக் கடைசிச் சில கல் எப்படிப்பட்டது என்பதைப் பொதுவாகப் பேசினால் பொருள் பிடிபடாது. ஆகவே ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். அது கார்வேட்டிநகரம்.

ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில், புத்தூருக்கு மேற்கே, குன்றுகளும் பள்ளத்தாக்குகளும் மாறி மாறி வரும் நிலத்தில் அமைந்துள்ளது இவ்வூர். ஒரு காலத்தில் சமஸ்தானத்தின் தலைநகர். வேணுகோபால சுவாமி கோயிலும், கந்தன் பெயர் தாங்கிய புஷ்கரிணியும், பழைய அரண்மனையும் அந்நாளின் சின்னங்கள். சாரங்கபாணியின் தெலுங்குப் பதங்களைப் பாடக் கேட்டவர்களுக்கு இவ்வூர் அரசவையின் பெருமையை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. 1911இல் சித்தூர் மாவட்டம் தனியே அமைக்கப்படும் வரை இப்பகுதி வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. பிறகு மொழிவாரி மாநிலங்கள் எழுந்தன. எல்லைப் பூசல் மூண்டது. பட்டாஸ்கர் தீர்ப்பின் அடிப்படையில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. கார்வேட்டிநகரம் ஆந்திரத்திலேயே நின்றது. தெற்கே சில கல் தொலைவில் எல்லை. அண்ணன் இந்தப் பக்கம், தங்கையைக் கொடுத்த வீடு அந்தப் பக்கம் என்று வாழும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே ஏராளம். அவர்களுள் பிழைப்பைத் தேடி வெகுதூரம் சென்றோரும் பலர்.

அன்று நிலத்தில் இடப்பட்ட அந்தக் கோடு, முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் வானத்திலும் இடப்பட்டது. 1995இல் நம் நாட்டில் கைபேசிச் சேவை தொடங்கிய காலத்தில், நாடு பல தொலைத்தொடர்பு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. வட்டங்கள் பெரும்பாலும் மாநில எல்லையையே பின்பற்றின. கார்வேட்டிநகரம் ஆந்திர வட்டம். பள்ளிப்பட்டு தமிழ்நாட்டு வட்டம். அலைக்கற்றை ஏலமும் வட்டம் வட்டமாகவே நடைபெறுகிறது. ஆகையால் ஒரே நிறுவனம் எல்லைக்கு இப்பால் ஓர் அலைவரிசையையும் அப்பால் வேறோர் அலைவரிசையையும் வைத்திருத்தல் கூடும்.

இதன் முதற்பயனைப் பணப்பை உணர்ந்தது. சொந்த வட்டத்தை விட்டு வெளியே சென்றால், வந்த அழைப்பைக் கேட்பதற்கும் காசு கொடுக்க வேண்டியிருந்தது. அக்கட்டணத்தின் உச்சவரம்பை ஒழுங்குமுறை ஆணையம் 2013இல் நிமிடத்துக்கு 75 காசாகவும் 2015இல் 45 காசாகவும் குறைத்தது. 2016, 2017ஆம் ஆண்டுகளில் நிறுவனங்களிடையே மூண்ட போட்டியில் அது நடைமுறையில் ஒழிந்தே போயிற்று. அதுவரை எல்லையோரத்து மக்கள் இரண்டு சிம் அட்டைகளை வைத்துக்கொண்டு, ஊர் தாண்டும்போது மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்த வேடிக்கையை நாம் அறிவோம். வேடிக்கை என்றோமே தவிர, கூலி வேலைக்குப் போகிறவருக்கு அது வேடிக்கையாக இருந்திராது.

கட்டணம் போயிற்று, கோடு போகவில்லை. எவ்வாறெனில், 'செல்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு கோபுரத்தின் அலை ஆளும் நிலப்பரப்புக்குச் 'செல்' என்று பெயர். தேனடையின் அறைகளைப் போல நாடெங்கும் இவை ஒன்றையொன்று ஒட்டி அமைந்திருக்கின்றன. செல்போன் என்ற பெயரே இதிலிருந்து வந்ததுதான். கைபேசி நம் பையில் சும்மா கிடக்கும்போதும் எந்த வட்டாரத்தில் இருக்கிறோம் என்பதைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. வட்டாரம் மாறினால் உடனே அறிவிக்கிறது. நீங்கள் ஊரிலிருக்கும் தம்பியை அழைத்தால், அவர் கடைசியாக அறிவித்த வட்டாரத்துக் கோபுரங்கள் அனைத்தும், தண்டோராப் போடுவதுபோல, அவர் பெயரைக் கூவுகின்றன. அவர் கைபேசி "இதோ இருக்கிறேன்" என்று விடை சொன்ன பிறகே மணி அடிக்கிறது. வட்டாரத்தைப் பெரிதாக வகுத்தால் வீண் தண்டோரா மிகும். சிறிதாக வகுத்தால் கைபேசி ஓயாமல் அறிவித்து அறிவித்துப் பேட்டரியை இழக்கும். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவு காண்பது பொறியாளர் திறமை.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் நகர்ந்து சென்றால் வேலை இன்னும் நுட்பமாகிறது. அப்போது அழைப்பை ஒரு செல் மற்றொரு செல்லிடம் ஒப்படைக்க வேண்டும். இதைக் கைமாற்றம் எனலாம். கைபேசி தன்னைச் சுற்றியுள்ள கோபுரங்களின் அலைவலிமையை அளந்து சொல்லிக்கொண்டே இருக்கிறது. அடுத்த கோபுரத்தின் அலை, இப்போதைய கோபுரத்தைவிடக் குறிப்பிட்ட சில டெசிபல் மிகுந்து, அந்நிலை குறிப்பிட்ட நேரம் நீடித்தால், "அங்கே போ" என்று கட்டளை பிறக்கிறது. அவசரப்பட்டுக் கட்டளையிட்டால் கைபேசி இரண்டு கோபுரங்களுக்கும் இடையே பந்தாடப்படும். தயங்கினால் பழைய அலை தேய்ந்து, பேச்சு அறுந்துவிடும்.

சமவெளியில் இது பெரும்பாலும் சரியாகவே நடந்துவிடுகிறது. கார்வேட்டிநகரத்தைப் போன்ற குன்று நாட்டிலோ ஒரு தொல்லை உண்டு. பேருந்து ஒரு குன்றின் முனையைச் சுற்றித் திரும்பியவுடன் பழைய கோபுரத்தின் அலை படிப்படியாகக் குறைவதில்லை. விளக்கை அணைத்தாற்போல் மறைகிறது. "அடுத்த கோபுரம் பலமாக இருக்கிறது" என்று கைபேசி சொல்ல வாயெடுக்கும்போதே, சொல்வதற்குரிய பாதை போய்விடுகிறது. மாநில எல்லையில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. ஒரே நிறுவனமே ஆனாலும் இரு வட்டங்களின் வலைப்பின்னலுக்கும் வேறு வேறு அடையாள எண்கள் உண்டு. இரண்டுக்கும் இடையே கைமாற்றத்துக்கு முன்கூட்டி ஏற்பாடு செய்து வைத்திராவிட்டால், நடந்துகொண்டிருக்கும் அழைப்பு அக்கோட்டில் முடிந்துபோகும். கைபேசி மறுபக்கத்தில் புதிதாகப் பதிவு செய்துகொண்டு, மறுபடியும் அழைக்க வேண்டியதுதான்.

நம் உறவினர் ஒருவர் பள்ளிப்பட்டுப் பக்கம் போகும் பேருந்திலிருந்து ஒரு முக்கியமான செய்தியைச் சொல்ல முயன்றபோது பேச்சு மும்முறை அறுந்தது. நிறுவனத்தின் குறைதீர்ப்பு நிலையத்துக்குத் தெரிவித்தோம். அவர்கள் மிகுந்த மரியாதையோடு வீட்டு முகவரியைக் கேட்டு, "உங்கள் பகுதியில் சிக்னல் நன்றாகவே இருக்கிறது" என்று விடை அளித்தார்கள். எந்தச் சாலையில், எந்தத் திருப்பத்தில் என்று ஒருவரும் கேட்கவில்லை. நகரும் மனிதரின் குறையை நிற்கும் முகவரியால் அளக்கிறார்கள் என்பதை அன்று கண்டுகொண்டோம்.

இனி, புதிய தலைமுறை இதற்குச் செய்திருப்பது என்ன? ஐந்தாம் தலைமுறைக்கு இலக்கு வகுத்த பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம், கைமாற்றத்தின்போது ஏற்படும் இடைவெளி சுழி மில்லி விநாடியாக இருத்தல் வேண்டும் என்று 2017இல் வரையறுத்தது. நான்காம் தலைமுறையில் அது பல பத்து மில்லி விநாடிகள். அந்த இலக்கை எட்ட வகுக்கப்பட்ட வழிகளுள் இரண்டு நம் கவனத்துக்குரியவை. இரண்டும் 2020இல் தரவரையறையில் இடம்பெற்றன. ஒன்று, ஆற்றைக் கடப்பவன் ஒரு காலை நன்றாக ஊன்றிக்கொண்ட பிறகே மறுகாலை எடுப்பதுபோல, புதிய கோபுரத்தோடு தொடர்பு உறுதியாகும் வரை பழைய கோபுரத்தை விடாதிருத்தல். மற்றொன்று இன்னும் அழகானது. அலை நன்றாக இருக்கும்போதே, "இன்ன நிலை ஏற்பட்டால் இன்ன கோபுரத்துக்குச் செல்" என்னும் கட்டளையை முன்கூட்டியே கைபேசியிடம் கொடுத்து வைத்துவிடுகிறார்கள். குன்றின் முனையில் பழைய அலை திடீரென்று மறைந்தாலும் கைபேசி எவரையும் கேட்க வேண்டியதில்லை. கையில் உள்ள அனுமதிச் சீட்டைக் காட்டிப் புதிய கோபுரத்துக்குள் நுழைந்துவிடும். கார்வேட்டிநகரத்துத் திருப்பங்களை மனத்தில் வைத்தே செய்தார்களோ என்று எண்ணத் தோன்றுகிறது! ஆனால் தரவரையறையில் இருப்பது வேறு, ஊருக்கு வருவது வேறு. கோபுரத்தின் மென்பொருளிலும் அது இருக்க வேண்டும். நம் கையிலுள்ள கருவியிலும் இருக்க வேண்டும்.

மேலும் ஒன்று. புதிய தலைமுறையின் வேகம் பெரும்பாலும் உயர்ந்த அலைவரிசைகளிலிருந்து வருகிறது. 3,300 மெகாஹெர்ட்ஸ் அலை, 700 அல்லது 900 மெகாஹெர்ட்ஸ் அலையைப்போல நெடுந்தூரம் செல்லாது. சுவரையும் எளிதில் ஊடுருவாது. செல் சிறுத்தால் கைமாற்றம் பெருகும். வேகம் கூடக்கூட நகர்வோர்க்குத் தொல்லையும் கூடும் என்பது இத்தொழிலில் உள்ள ஒரு விநோதம்.

இந்த விநோதத்துக்கு நம் நாட்டிலிருந்தே ஒரு விடை எழுந்தது. நகரங்களையே கண்ணாகக் கொண்டு வகுக்கப்பட்ட சோதனை முறைகளில் இந்தியக் கிராமத்தையும் சேர்க்க வேண்டுமென்று நம் தரநிர்ணயச் சங்கம் ஒன்றியத்தில் வாதாடியது. சென்னை ஐ.ஐ.டி., ஐதராபாத் ஐ.ஐ.டி., சென்னையிலுள்ள கம்பியில்லாத் தொழில்நுட்ப உயர்மையம் ஆகியவற்றின் அறிஞர்கள் இதற்குப் பின்னால் உழைத்தவர்கள். அவர்கள் கூறிய காரணம் எளியது. கண்ணாடி இழை ஊராட்சித் தலைமைக் கிராமம் வரை வருகிறது. சுற்றியுள்ள சிற்றூர்கள் அதிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் உள்ளன. அங்குள்ளோர் நடந்தோ மெதுவான வண்டியிலோ செல்பவர்கள். ஆகவே கோபுரத்துக்கும் கோபுரத்துக்கும் 6 கிலோமீட்டர் இடைவெளி இருந்தாலும் சேவை கிடைக்க வேண்டும். இதை ஒன்றியம் 2017இல் ஐந்தாம் தலைமுறைச் சோதனைகளுள் ஒன்றாக ஏற்றது. இதற்கென நம்மவர் வகுத்த முறை 2021இல் ஒன்றியத்தின் ஒப்புதலையும் பெற்று, பின்னர் உலகப் பொதுத் தரத்தோடு இணைந்தது. தமிழ்நாட்டு ஆய்வுக்கூடத்தில் கிராமத்தை எண்ணிச் செய்த வேலை, உலகத் தரத்தில் ஓர் இடம் பிடித்தது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தருவதே. நம் நாட்டில் ஐந்தாம் தலைமுறை 2022 அக்டோபர் முதல் நாள் தொடங்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரிலேயே திருமலைக்கும் அது வந்துவிட்டது. குன்றுகளுக்கு இடையேயுள்ள சிற்றூர்களுக்கு அந்த 6 கிலோமீட்டர்க் கணக்கு எப்போது வந்து சேரும் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இதுவரை நகர்வைப் பற்றிச் சொன்னோம். இனித் தரத்தைப் பற்றி. ஒரே கோபுரத்தின் கீழ் ஒருவர் திரைப்படத்தை இறக்கிக்கொண்டிருக்கிறார்; மற்றொருவர் மகனோடு பேசிக்கொண்டிருக்கிறார். இருவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நியாயமாகுமா? குரல், விநாடிக்கு ஐம்பது சிறு துண்டுகளாக நறுக்கப்பட்டுச் செல்கிறது. நூற்றில் ஒரு துண்டு தொலைந்தாலும் செவி அதைப் பொறுத்துக்கொள்ளும். தாமதத்தை மட்டும் பொறுக்காது. திரைப்படமோ தாமதத்தைப் பொறுக்கும், இழப்பைப் பொறுக்காது. ஆகவே நான்காம், ஐந்தாம் தலைமுறைகளில் ஒவ்வொரு வகைப் போக்குவரத்துக்கும் தனித்தனி வகுப்பு உண்டு. குரலுக்கு 100 மில்லி விநாடித் தாமத வரம்பும், உத்தரவாதமான இடமும் அளிக்கப்படுகின்றன. சாதாரண இணையப் போக்குவரத்துக்கு வரம்பு 300 மில்லி விநாடி, உத்தரவாதம் கிடையாது.

இங்கே நம் குடும்பங்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எண்ணை அழுத்திப் பேசும் பேச்சு முதல் வகுப்பில் செல்கிறது. இணையச் செயலி வழியாகப் பேசும் பேச்சோ, செலவில்லை என்பதால் நாம் விரும்புவதுதான் எனினும், திரைப்படத்தோடும் விளையாட்டோடும் சேர்ந்து பொது வகுப்பில்தான் செல்கிறது. மாலை ஏழு மணிக்குக் கோபுரத்தில் கூட்டம் நெரியும்போது முதலில் நசுங்குவது அதுவே. ஆகவே மருத்துவமனைச் செய்தி போன்ற இன்றியமையாத பேச்சுக்குச் செயலியை நம்பாமல் எண்ணை அழுத்திப் பேசுவதே உத்தமம்.

ஐந்தாம் தலைமுறையில் ஒரே வலைப்பின்னலைப் பல பாத்திகளாகப் பிரித்து, ஆம்புலன்ஸுக்கு ஒன்று, ஆலைக்கு ஒன்று, பொதுமக்களுக்கு ஒன்று என்று வழங்கவும் முடியும். இது நன்மையும் தரும், தீமையும் தரும். பணம் கொடுத்தவர் பாத்தியில் நீர் நிறைய, ஏழை பாத்தி வறண்டு போகலாகாது. இணையத்தில் பாகுபாடான கட்டணம் கூடாதென்று 2016 பிப்ரவரியில் ஆணையம் விதித்தது. 2018இல் அரசு பொதுவான சமநிலைக் கொள்கையை ஏற்று, தொலைமருத்துவம் போன்ற சில சிறப்புச் சேவைகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. அந்த விலக்கு எவ்வளவு தூரம் நீளும் என்பதில் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

சரி, தரம் இருக்கிறதா இல்லையா என்று அளப்பவர் யார், எப்படி அளக்கிறார்? இதுதான் கார்வேட்டிநகரத்தாருக்கு உயிர்நாடியான கேள்வி. நூறு அழைப்புக்கு இரண்டுக்கு மேல் அறுபடலாகாது என்பது பழைய விதி. ஆனால் அதை வட்டம் முழுவதற்குமான சராசரியாகப் பார்த்தார்கள். ஆந்திர வட்டம் என்பது இன்றும் ஆந்திரமும் தெலங்கானாவும் சேர்ந்தது. ஐதராபாத்தின் நெருக்கமான கோபுரங்களும் கார்வேட்டிநகரத்தின் ஒதுக்குப்புறக் கோபுரமும் ஒரே சராசரியில்! ஓர் உதாரணம் சொல்கிறோம். நூறு செல்கள் இருப்பதாகவும், ஒவ்வொன்றிலும் சம அளவு பேச்சு நடப்பதாகவும் கொள்வோம். தொண்ணூற்றைந்து செல்களில் நூற்றுக்கு ஓர் அழைப்பும், மீதி ஐந்து செல்களில் நூற்றுக்குப் பதினைந்து அழைப்பும் அறுபடுகின்றன. சராசரி 1.7. நிறுவனம் தேறிவிட்டது. அந்த ஐந்து செல்களில் வாழ்வோரின் துன்பம் கணக்கில் மறைந்துவிட்டது.

2015இல் ஆணையம் வேறொரு வழியை முயன்றது. அறுபடும் ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு ரூபாய், நாளொன்றுக்கு மூன்று ரூபாய்க்கு மிகாமல், வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும் என்றது. நிறுவனங்கள் வழக்காடின, உச்ச நீதிமன்றம் 2016 மே மாதம் அவ்விதியைச் செல்லாதென்று தள்ளியது. ரூபாயால் அறுந்த பேச்சு ஒட்டாது என்பதே எம் கருத்து; எனவே அதற்காக நாம் அதிகம் வருந்தவில்லை. அதைவிட நல்ல மாறுதல் 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. சராசரி ஒழிந்தது. குறைந்தது 90 விழுக்காட்டுச் செல்கள், குறைந்தது 90 விழுக்காட்டு நாட்களில், 2 விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும். அன்றியும் 90 விழுக்காட்டு நாட்களில் 97 விழுக்காட்டுச் செல்கள் 3 விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும் என்று இரட்டைச் சோதனை வகுத்தார்கள். நம் உதாரணத்து நிறுவனம் முதற் சோதனையில் தேறும், இரண்டாவதில் தவறும். ஐந்து செல்களின் குறை வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது. எனினும் நூற்றுக்கு மூன்று செல்கள் எப்போதும் கணக்குக்கு வெளியே நிற்கலாம். ஒதுக்குப்புறங்கள் பெரும்பாலும் அந்த மூன்றில்தான் அடங்கும்.

2024 ஆகஸ்டில் ஆணையம் வெளியிட்ட புதிய விதிகள் இன்னும் ஒருபடி முன்னேறியிருக்கின்றன. காலாண்டுக்கு ஒருமுறை பார்த்த கணக்கை மாதந்தோறும் பார்க்க வழி செய்தார்கள். எந்த இடத்தில் எந்தத் தலைமுறைச் சேவை கிடைக்கிறது என்னும் வரைபடத்தை நிறுவனங்கள் தம் இணையப் பக்கத்தில் வெளியிட வேண்டும் என்றார்கள். ஒரு மாவட்டத்தில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் முடங்கினால் கட்டணத் தள்ளுபடியோ கால நீட்டிப்போ தர வேண்டும். விதி மீறினால் அபராதம் பத்து லட்சம் ரூபாய் வரை உயரும். வரைபடம் நமக்கு உபயோகமானது. தூரத்தில் இருக்கும் நாமே, ஊரில் எந்த நிறுவனத்தின் அலை எங்கே எட்டுகிறது என்று பார்த்து, பெற்றோருக்குத் தக்க சிம் அட்டையை வாங்கிக் கொடுக்க முடியும்.

இவ்வளவும் சொந்தப் பேச்சின் சௌகரியத்துக்குத்தானே என்று எவரும் நினைத்துவிடலாகாது. கார்வேட்டிநகரத்துக்கு அருகில் கிருஷ்ணாபுரம் நீர்த்தேக்கம் இருக்கிறது. பெருமழையில் அது நிரம்பித் திறக்கப்பட்டால், நீர் எல்லை தாண்டிப் பள்ளிப்பட்டு வழியாகக் கொசஸ்தலையாற்றில் இறங்கிப் பூண்டியை நோக்கி ஓடும். 2021 நவம்பர் மழையில் பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தரைப்பாலங்கள் மூழ்கிக் கிராமங்கள் துண்டிக்கப்பட்டதை நம்மில் பலர் தொலைக்காட்சியில் கண்டு பதறினோம். அணை ஒரு மாநிலத்தில்; அழிவு மற்றொன்றில். வெள்ளம் வட்டம் பார்த்து ஓடுவதில்லை.

அத்தகைய நேரத்தில் எல்லோரும் எல்லோரையும் அழைப்பார்கள், கோபுரம் திணறும், மின்சாரம் போய்விட்டால் கோபுரமே பேட்டரியிலும் டீசலிலும் சில மணி நேரம் மூச்சுவிட்டுப் பிறகு அடங்கும். இதற்கென உள்ள முறை செல்வழி ஒலிபரப்பு. எண் எண்ணாகக் குறுஞ்செய்தி அனுப்பாமல், ஆபத்துள்ள பகுதியின் கோபுரங்கள் எச்சரிக்கையை ஒரே முறையில் எல்லாக் கைபேசிகளுக்கும் ஒலிபரப்புகின்றன. ஆயிரம் பேர் இருந்தாலும் ஒருவர் இருந்தாலும் சுமை ஒன்றே. வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவரின் கைபேசியும் அலறும். அரசின் சி-டாட் நிறுவனம் அமைத்த இம்முறையை 2023இல் பல மாநிலங்களில் சோதித்தார்கள். கைபேசிகள் ஒருசேர ஒலி எழுப்பியதைக் கேட்டுத் திடுக்கிட்டவர்கள் பலர். இதில் நாம் வேண்டுவது இரண்டு. கிருஷ்ணாபுரத்து எச்சரிக்கை ஆந்திர வட்டத்தோடு நில்லாமல் ஆற்றின் போக்கைத் தொடர்ந்து தமிழ்நாட்டுக் கோபுரங்களுக்கும் அதே கணத்தில் செல்ல வேண்டும். எல்லையின் இருபுறமும் தமிழ், தெலுங்கு ஆகிய இரு மொழிகளிலும் அது ஒலிக்க வேண்டும். கார்வேட்டிநகரத்துப் பாட்டிக்குத் தெலுங்கு பேச வரும். படிக்க வருமென்பது என்ன நிச்சயம்?

ஒன்றியத்தில் ஆறாம் தலைமுறைக்கான வரைவு 2023இல் உருவாயிற்று. எங்கும் எல்லோர்க்கும் தொடர்பு என்பதை அதன் நோக்கங்களுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். அது நடைமுறைக்கு வர 2030 ஆகும். அதுவரை நாம் செய்யக்கூடியவை சில உண்டு.

ஊரிலுள்ள பெரியவர்களின் கைபேசியில் நான்காம் தலைமுறைக் குரற்சேவை இயங்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறதா என்று, அடுத்த முறை போகும்போது நீங்களே பாருங்கள். பழைய கருவியாயின் அது இல்லாமலே போகலாம். திரையில் ஐந்தாம் தலைமுறை என்று காட்டினாலும், பேசத் தொடங்கியதும் கைபேசி நான்காவதற்கு இறங்குவதுண்டு. அதைப் பழுது என்று எண்ண வேண்டாம். வீட்டில் இழை வழி இணையம் இருந்தால், வை-ஃபை வழியாக அழைக்கும் வசதியைத் திறந்து வையுங்கள். குன்றின் நிழலில் அடங்கிய வீட்டுக்கு அதுவே கைகண்ட மருந்து.

அறுபட்டால் புகார் செய்யத் தயங்காதீர்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு நிலையம்; அங்கே தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. புகாரில் வீட்டு முகவரியோடு நின்றுவிடாமல், பேச்சு அறுந்த சாலை, அருகிலிருந்த கிராமம் அல்லது கிலோமீட்டர்க் கல், பேருந்து சென்ற திசை, நாள், மணி, மறுபடி தொடர்பு கிடைத்த இடம் ஆகியவற்றையும் எழுதி, புகாருக்குத் தரப்படும் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே திருப்பத்தைக் குறிப்பிட்டு ஐந்தாறு குடும்பங்கள் எழுதினால், எந்தச் செல்லிலிருந்து எந்தச் செல்லுக்குக் கைமாற்றம் தவறுகிறது என்பதைப் பொறியாளர் தம் மேசையிலிருந்தே கண்டுகொள்ள முடியும்.